பென்யீஸ்கோலா: பாறை மேல் ஊர், பாறைக்குள் ஊற்று

ஸ்பெயின் கடற்கரைக்குப் போகிறோம் என்றதும் நண்பர்கள் எல்லோரும் பார்சிலோனாவா என்றுதான் கேட்டார்கள். இல்லை. பார்சிலோனாவுக்கும் வலென்சியாவுக்கும் நடுவே, காஸ்தெயோன் மாகாணத்தில், மத்தியதரைக் கடலுக்குள் தனியாக நிற்கும் ஒரு பாறை, அந்தப் பாறை முழுக்க வெள்ளை வீடுகள், உச்சியில் ஒரு கோட்டை. பென்யீஸ்கோலா என்று பெயர். அங்கே பேசும் வலென்சிய மொழியில் பெனீஸ்கோலா. மார்ச் முதல் வாரத்தில் அப்பாவும் நானும் போய் நான்கு இரவு தங்கினோம். பலர் பஸ்ஸில் வந்து, கோட்டையைப் பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்டு சாயங்காலமே திரும்பிவிடுகிறார்கள், எங்களுக்கும் ஒரு நாள் போதும் என்றுதான் சொன்னார்கள். அதைக் கேட்காமல் இருந்தது நல்லதாகப் போயிற்று. அந்த ஊரைப் பற்றி எனக்கு இன்று தெரிந்ததில் முக்கால்வாசி, முதல் நாள் அப்பா கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் தேடி அலைந்ததில் கிடைத்தது.

வலென்சியாவிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம் போல ஆனது. ஸ்டேஷன் பெயர் பெனிகார்லோ-பென்யீஸ்கோலா, ஆனால் ஸ்டேஷன் இருப்பது பக்கத்து ஊரான பெனிகார்லோவில். இறங்கியதும் கடல் தெரியும் என்று எதிர்பார்க்க வேண்டாம், அங்கிருந்து சில கிலோமீட்டர் பஸ்ஸிலோ டாக்சியிலோ போக வேண்டும். பெட்டிகள் இருந்ததால் டாக்சி எடுத்தோம். வடக்குக் கடற்கரையை ஒட்டி வரிசையாக ஹோட்டல்கள், அடுக்குமாடி வீடுகள், எல்லா ஜன்னலிலும் ஷட்டர் இறக்கி மூடியிருந்தது. சுமார் 8,000 பேர்தான் அங்கே நிரந்தரமாக வாழ்கிறார்கள், மற்றதெல்லாம் கோடைக்கு வருகிறவர்களுக்காகக் கட்டியது. அந்த மூடிய ஜன்னல்களைப் பார்த்து எனக்கு மனம் கொஞ்சம் சோர்ந்துபோனது உண்மை. அப்புறம் ரோடு ஒரு வளைவு திரும்பியதும் பாறை தெரிந்தது. அப்பா பேசிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

மூன்று பக்கமும் கடல். கரையோடு சேர்த்துப் பிடித்திருப்பது ஒரு மெல்லிய மணல் திட்டு மட்டும். முன்னொரு காலத்தில் இந்தப் பாறை தீவாகவே இருந்திருக்க வேண்டும், அலை இரண்டு பக்கமிருந்தும் கொண்டுவந்து கொட்டிய மணல் மெல்ல மெல்லச் சேர்ந்து பாலமாகியிருக்கிறது. பழைய நாட்களில் பெரும் புயல் அடித்தால் கடல் அந்த மணலை மூடிவிடும், ஊர் மறுபடியும் தீவாகிவிடும். பெயரே லத்தீனில் தீபகற்பத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுதான்.

பழைய ஊருக்குள்ளேயே ஒரு சின்ன வீட்டின் மாடியில் அறை எடுத்திருந்தோம். இதை அழுத்திச் சொல்கிறேன்: மதிலுக்கு உள்ளே தங்குங்கள். பெட்டியை இழுத்துக்கொண்டு ஏறுவது சிரமம்தான், சந்துகள் செங்குத்து, நூற்றாண்டுகளாக ஆட்கள் நடந்து நடந்து கல் வழவழவென்று ஆகிவிட்டது, மழை பெய்தால் வழுக்கும். அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு. நல்ல பிடிமானம் உள்ள செருப்பு, பத்து படிக்கு ஒரு முறை நிற்பது, அவ்வளவுதான் செய்தோம். ஆனால் ஆறு மணிக்கு மேல் நினைவுப்பொருள் கடைகள் மூடி, வெளியூர் ஆட்கள் இறங்கிப் போன பிறகு, அந்தச் சந்துகளில் யாரோ சமையல் செய்யும் வாசமும், ஒரு ஜன்னலிலிருந்து இன்னொரு ஜன்னலுக்குப் பேசிக்கொள்ளும் கிழவிகளின் குரலும், கீழே பாறையில் அலை மோதும் சத்தமும் மட்டும் இருக்கும். அந்த நேரத்துக்காகவே அங்கே தங்கலாம்.

வந்த அன்றே கோட்டைக்குப் போனோம். கடல் மட்டத்திலிருந்து 64 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டெம்ப்ளர் வீரத்துறவிகள் 1294ல் தொடங்கி 1307ல் முடித்திருக்கிறார்கள். முடித்து ஐந்தே வருடத்தில், 1312ல், அவர்கள் சபையையே போப் கலைத்துவிட்டார். பதின்மூன்று வருடம் கல் சுமந்து கட்டியதை அவர்கள் ஆண்டு அனுபவிக்கவே இல்லை. உள்ளே அலங்காரம் எதுவும் கிடையாது, வெறும் வெட்டுக்கல் சுவர், உருண்ட வளைவுக் கூரை, குறுகிய ஜன்னல். ஆனால் அந்தக் கற்களைச் சேர்த்திருக்கும் நேர்த்தியைப் பார்க்க வேண்டும், எழுநூறு வருட உப்புக்காற்றுக்குப் பிறகும் இணைப்பு பிசகவில்லை.

இந்தக் கோட்டை உலகத்துக்குத் தெரிந்தது டெம்ப்ளர்களால் அல்ல, ஒரு முதியவரால். பேத்ரோ மார்த்தினெஸ் தே லூனா, அரகோன் நாட்டுக்காரர். 1378ல் கத்தோலிக்கத் திருச்சபை இரண்டாகப் பிளந்து, ரோமில் ஒரு போப், பிரான்சின் அவிஞோனில் ஒரு போப் என்று இருந்த காலத்தில், 1394ல் அவிஞோனில் பதின்மூன்றாம் பெனடிக்ட் என்ற பெயரில் போப்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிரான்சு கைவிட்டது, சொந்த மாளிகையிலேயே வருடக்கணக்கில் முற்றுகைக்குள் இருந்தார், 1403ல் தப்பித்தார். பிளவைத் தீர்க்க இரு பக்கமும் விலகினால் போதும் என்று மன்னர்களும் ஆயர்களும் மன்றாடினார்கள். இவர் விலகவில்லை. 1411ல் இந்தப் பாறைக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். 1417ல் கான்ஸ்டன்ஸ் நகரில் கூடிய திருச்சபைச் சங்கம் அவரைப் பதவி நீக்கியது, வேறு ஒருவரைப் போப்பாக்கியது, அரசர்களும் ஒவ்வொருவராக விலகிக்கொண்டார்கள். அப்போதும் நான்தான் போப் என்று சொல்லிக்கொண்டு, ஒரு கைப்பிடி ஆட்களோடும் தன் புத்தகங்களோடும் இங்கேயே இருந்து, 1423ல் இறந்தார். வயது தொண்ணூறைத் தாண்டியிருந்தது. விடாப்பிடியாக நிற்பவரை ஸ்பானிய மொழியில் 'தன் பதின்மூன்றிலேயே நிற்கிறார்' என்பார்கள். அது இந்தப் பதின்மூன்றாம் பெனடிக்டிலிருந்து வந்தது என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்கிறார்கள்.

அவரைப் பிடிவாதக்காரர் என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்துக்கு முறையான அனுமதி கொடுத்த ஆணை, 1413 ஆகஸ்ட் 28 அன்று, இந்தப் பாறை மேலிருந்துதான் போயிருக்கிறது. ஐரோப்பாவின் வடமூலையில் பாடம் நடத்த வேண்டும் என்று கேட்டவர்களுக்கு, இந்தக் கடல் மூலையிலிருந்து ஒருவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். லூனா என்றால் நிலா, அவர் குடும்பச் சின்னம் கவிழ்ந்த பிறை. ஊரின் பழைய வாசல்களில் ஒன்றான சான் பேத்ரோ வாசலுக்கு மேல் அது செதுக்கியிருக்கிறது, செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தின் சின்னத்திலும் இருக்கிறது. நான் கீழே நின்று அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, அப்பாவின் கேள்வி. அவர் குடிநீர்த் துறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். லூனாவின் கதையை நான் மூச்சு விடாமல் சொல்லி முடித்ததும், கோட்டைச் சுவரில் சாய்ந்து கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"அதெல்லாம் சரிம்மா. சுத்தி உப்புத் தண்ணி. பத்துப் பன்னெண்டு வருஷம் இத்தனை பேர் குடிச்ச தண்ணி எங்கேர்ந்து வந்துச்சு?"

"மழைத் தண்ணியைச் சேர்த்து வச்சிருப்பாங்கப்பா."

"இங்க மழை அவ்வளவு பத்தாதே. தொட்டி இருந்தாலும் முற்றுகை தாங்காது. வேற ஏதோ இருக்கு."

இருந்தது. மறுநாள் காலை, நாங்கள் தங்கிய வீட்டுக்காரம்மாவிடம் போனில் மொழிபெயர்த்துக் காட்டிக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டி எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். பழைய மதிலுக்குள்ளேயே ஒரு நீரூற்று. பெயர் ஃபோன்ட் தே தின்ஸ், 'உள்ளே இருக்கும் ஊற்று' என்று அர்த்தம். கடலிலிருந்து கூப்பிடு தூரம் கூட இல்லை, ஆனால் நல்ல தண்ணீர். அப்பா அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. இந்த மதில், இந்தக் கோட்டை, இந்தப் போப், எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இதுதான் என்று அவர் சொன்னபோது அவர் குரலில் இருந்த மகிழ்ச்சியை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை.

காரணம் எளிது. கடற்கரைக்குப் பின்னால், உள்நாட்டில், மாயெஸ்த்ராத் என்ற சுண்ணாம்புக்கல் மலைப்பகுதி இருக்கிறது. அங்கே பெய்யும் மழை ஆறாக ஓடுவது குறைவு, வெடிப்பு வழியாகக் கீழே இறங்கிவிடும். சுண்ணாம்புக்கல்லைத் தண்ணீர் கரைத்துக் கரைத்துப் பாதை போட்டிருக்கிறது. அந்தப் பாதையிலேயே நிலத்தடியில் பல கிலோமீட்டர் வந்து, கடலோரத்தில் வழி கிடைத்த இடத்தில் மேலே வருகிறது. பென்யீஸ்கோலாவைச் சுற்றி இப்படிப் பல ஊற்றுகள் உண்டு, ஊருக்குப் பின்னால் இருக்கும் சதுப்பு நிலமும் இந்தத் தண்ணீரால்தான் வாழ்கிறது. மலையில் என்றோ பெய்த மழை கடலுக்கு நடுவில் இருக்கும் ஒரு பாறைக்குள் வந்து சேர்கிறது என்றால், அந்தப் பாறையை யார் கையில் வைத்திருக்க ஆசைப்பட மாட்டார்கள்? 1233 வரை முஸ்லிம்கள் வைத்திருந்தார்கள், அப்புறம் அரகோன் மன்னர் முதலாம் ஜாய்மே, டெம்ப்ளர்கள், மொந்தேசா என்ற இன்னொரு வீரத்துறவிகள் சபை, லூனா. பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப் பீரங்கி தாங்கும் புது மதிலைக் கட்டினார்.

அந்தச் சந்துகளில் இன்னொரு இடம் 'எல் புஃபதோர்'. கீழே பாறையைக் கடல் குடைந்து, அந்தக் குடைவு மேலே வீடுகளுக்கு நடுவில் ஒரு பொந்தாகத் திறக்கிறது. காற்றடித்த நாளில் அலை உள்ளே புகுந்தால் பொந்து வழியாகப் பெருமூச்சு விடுவது போல் சத்தத்தோடு ஈரக்காற்று சீறும். நாங்கள் இருந்த மூன்றாம் நாள் கிழக்குக் காற்று பலமாக இருந்தது, அப்படிப்பட்ட நாளில் போய் நின்று பாருங்கள், கல்லுக்குக் கீழே கடல் இருப்பது காலில் தெரியும். பக்கத்தில், முகப்பு முழுக்கக் கிளிஞ்சல் பதித்த ஒரு வீடும் இருக்கிறது, எல்லோரும் அங்கேதான் போட்டோ எடுக்கிறார்கள்.

சாப்பாடு விஷயத்தில் முதல் நாள் கஷ்டப்பட்டோம். மாலை ஆறு மணிக்குப் பசியோடு இறங்கினால் சமையலறைகள் எல்லாம் மூடியிருந்தன. மதியம் ஒன்றரையிலிருந்து மூன்றரை வரை, இரவு எட்டரைக்கு மேல், அதற்கு நடுவில் காபியும் கொறிக்க ஏதாவதும்தான். அன்று மளிகைக்கடையில் ரொட்டி, சீஸ், ஆரஞ்சு வாங்கி மாடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அது குறையாகத் தெரியவில்லை, காஸ்தெயோன் ஆரஞ்சு மரத்திலிருந்து நேராக வந்தது போல் இருந்தது. மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டையே பெரிய சாப்பாடாக வைத்துக்கொண்டோம். வார நாட்களில் 'மெனு தெல் தியா' என்று கேளுங்கள்: இரண்டு வகை உணவு, ரொட்டி, குடிக்க ஏதாவது, இனிப்போ காபியோ, எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆளுக்கு 16 யூரோ ஆனது.

அப்பா சைவம். கடலோர ஊரில் இது கொஞ்சம் கவனம் வேண்டிய விஷயம், ஏனென்றால் அங்கே கலவை சாலட் கேட்டால் அதன் மேல் சூரை மீன் வரும், அவர்கள் கணக்கில் அது சாலட்டின் ஒரு பகுதி. இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது, மீனும் வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டும்: 'சின் கார்னே, சின் பெஸ்காதோ'. அப்பாவைக் காப்பாற்றியது பெனிகார்லோவின் ஆர்டிசோக். தாமரை மொட்டு போல இருக்கும் காய், குளிர்காலப் பயிர், அந்த ஊர்ப் பெயரே அதற்கு முத்திரை. தணலில் சுட்டு, ஆலிவ் எண்ணெயும் கல் உப்பும் போட்டுக் கொடுக்கிறார்கள். வெளி இதழ் கருகியிருக்கும், உள்ளே வெண்ணெய் போல இருக்கும். நான்கு நாளும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் சுக்கெட் என்ற மீன் குழம்பு சாப்பிட்டேன், உருளைக்கிழங்கு, பூண்டு, தக்காளி எல்லாம் சேர்ந்து கொதித்த சாறு. ரொட்டியைத் தொட்டுக்கொண்டால் கடைசிச் சொட்டு வரை போய்விடும்.

அந்த மீன் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்த்தோம். வார நாட்களில் மாலை நான்கு, நாலரைக்கு மேல் விசைப்படகுகள் ஒன்றன் பின் ஒன்றாகத் துறைமுகத்துக்குத் திரும்பும், ஒவ்வொன்றுக்கும் பின்னால் கடற்காகங்கள் கூட்டம் கூட்டமாக வரும். இழுவை வலைப் படகுகள் சனி, ஞாயிறு கடலுக்குப் போவதில்லை, அதனால் வார இறுதியில் மட்டும் வருகிறவர்களுக்கு இந்தக் காட்சி கிடைக்காது. பெட்டி பெட்டியாகக் கணவாய், ஆக்டோபஸ், இறால், அப்புறம் கும்பிடுபூச்சி போல முன்கை மடித்த கலேரா. இறக்கின சூட்டோடு ஏலம். இங்கே ஏலம் கீழ்நோக்கிப் போகிறது. திரையில் அதிக விலையில் தொடங்கி எண் மளமளவென்று இறங்கும், யார் முதலில் பொத்தானை அழுத்துகிறாரோ பெட்டி அவருக்கு. கத்தல் கிடையாது. ஆனால் வியாபாரிகள் முகத்தைப் பார்த்தால் தெரியும், அரை நொடி பொறுத்தால் விலை குறையும், அதே அரை நொடியில் பக்கத்தில் இருப்பவர் எடுத்துவிடுவார். சைவமான அப்பா, வேலியோரம் நின்று முழு ஏலத்தையும் பார்த்தார். எங்களுக்குப் பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், மொழி தெரியாத அப்பாவுக்கு ஒவ்வொரு பெட்டியையும் காட்டிப் பெயர் சொல்லிக்கொண்டே இருந்தார், அப்பாவும் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார்.

தெற்கே சியெர்ரா தீர்த்தா என்ற மலை, கடலோரத்தை ஒட்டியே. 2002லிருந்து பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பூங்கா. வடக்கே ஹோட்டல் வரிசையைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் இந்தக் கரை முழுவதும் முன்பு எப்படி இருந்திருக்கும் என்று புரியும்: பைன், ரோஸ்மேரி, இடுப்புயரக் குட்டைப் பனை, கீழே சின்னச் சின்னக் கூழாங்கல் குடாக்கள். கடற்கொள்ளையர் வருகிறார்களா என்று பார்க்கக் கட்டிய பதூம் காவல்கோபுரம் பாறை விளிம்பில் நிற்கிறது. நான் மட்டும் ஒரு காலையில் அதுவரை நடந்து போய் வந்தேன். தண்ணீர் எடுத்துக்கொண்டு போங்கள், வழியில் கடை கிடையாது.

கடைசி நாள் ஒரு கார் வாடகைக்கு எடுத்தோம், அப்பாவுக்காக. அந்த மலையின் தென்பக்கம் அல்கோஸ்ஸெப்ரே என்ற ஊர். அங்கே 'ஊற்றுகளின் கடற்கரை' என்றே ஒரு கடற்கரைக்குப் பெயர். மணலிலேயே, அலை வந்து போகும் இடத்திலேயே, நல்ல தண்ணீர் மேலே வரும் என்று வீட்டுக்காரம்மா சொல்லியிருந்தார். மத்தியதரைக் கடலில் ஓதம் ஏறி இறங்குவது மிகக் குறைவு, அதனால் கரைக்கோடு பெரிதாக நகர்வதில்லை, ஊற்றுக்கண்களைத் தேடிக் கண்டுபிடிக்கவும் முடிந்தது. மணலில் ஒரு சாண் அகலத்தில் குழி, அதற்குள் மணல் துகள்கள் கொதிப்பது போலத் துள்ளிக்கொண்டே இருந்தன, அதிலிருந்து ஒரு சின்ன ஓடை கடலுக்குள் போனது.

அப்பா பேண்ட்டை மடித்துவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தார். முதலில் கடலில் கையை வைத்தார், அப்புறம் ஊற்றில்.

"இது கொஞ்சம் கதகதப்பா இருக்கு பாரு. நிலத்தடித் தண்ணி, அதான்."

நானும் வைத்துப் பார்த்தேன். மார்ச் மாதக் கடல் விரலை விறைக்க வைத்தது, ஊற்று அப்படி இல்லை. அவர் உள்ளங்கையில் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் முடித்துவிட்டார்.

"லேசா உப்பு கலந்திருக்கு," என்றார். "ஆனா இது கடல் தண்ணி இல்ல. மலைத் தண்ணி."

இன்னொரு கை எடுத்து முகத்தில் தெளித்துக்கொண்டார்.